பாட்டை எழுதியவர்: டாலி பார்ட்டன்

வெளிநாட்டு இசை நிறுவனங்களுக்குப் பாட்டு விவரங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில், சென்னையில், ஏழு வருடம் வேலை பார்த்தேன். நாள் முழுக்க எக்செல் ஷீட்தான். பாடியது யார், எந்த வருடம், எழுதியது யார். ஒலிப்பதிவுக்கு ஒரு எண், பாட்டுக்கு வேறு எண். ஒரே பாட்டை ஐம்பது பேர் பாடினால் ஒலிப்பதிவு எண் ஐம்பது வரும்; பாட்டின் எண் மட்டும் மாறாது. இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை கற்றுக்கொண்ட மாதிரி.

சேர்ந்த இரண்டாவது மாதம் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டின் கவர் வெர்ஷன்கள், அதாவது மற்றவர்கள் திரும்பப் பாடியவை, மொத்தமாக என்னிடம் வந்தன. டி.வி. போட்டியில் பாடியவர்கள், சாக்ஸபோன் வாசிப்புகள், கரோக்கி டிராக்குகள். எழுதியவர் என்ற இடத்தில் யோசிக்காமல் விட்னி ஹூஸ்டன் என்று அடித்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட் சார், முன்பு கேசட் கடை வைத்திருந்தவர், எட்டிப் பார்த்தார். "பாடினவங்க பேரைப் போட்டுட்டே போறியேம்மா, எழுதினவங்களுக்குப் போக வேண்டிய காசு எங்க போகும்?" என்றார். குரலில் கோபமே இல்லை. அப்புறம் தன் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்து, பாட்டை எழுதிய அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனே பாடி 1974-ல் வந்த பதிவைப் போட்டார்.

விட்னியின் பாட்டில் மலையேறுகிற குரலைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது வேறு பாட்டாகவே இருந்தது. சின்னக் குரல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல. மூன்றாவது சரணத்தை அவர் பாடவே இல்லை, பேசுகிறார். காதல் பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். "இது வேலையை விட்டுப் போறவங்க பாட்டும்மா" என்றார் சார்.

டாலி 1967-ல், கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய பாணி இசைப் பாடகர் போர்ட்டர் வேகனரின் டி.வி. நிகழ்ச்சியில் சேர்ந்தார். ஊரறிய வைத்தவர் வேகனர்தான். ஆனால் தனியாகப் போக வேண்டும் என்று டாலி சொன்னபோதெல்லாம் வாக்குவாதம்தான் மிஞ்சியது. பேசிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போய் இந்தப் பாட்டை எழுதி, மறுநாள் அவர் அறைக்கு வந்து கிதாரோடு பாடிக் காட்டினார். வேகனர் அழுதுவிட்டார், பாட்டைத் தானே தயாரிப்பதாக இருந்தால் போகலாம் என்றார். இதை டாலியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1973 ஜூனில் நாஷ்வில்லில் பதிவானது. மறு வருடம் கன்ட்ரி பாட்டுப் பட்டியலில் முதலிடம்.

எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட ஆசைப்பட்டார். டாலிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பதிவுக்கு முந்தைய நாள் எல்விஸின் மேனேஜர் கர்னல் பார்க்கரிடமிருந்து போன். பாட்டின் பதிப்புரிமையில், அதாவது பாட்டு சம்பாதிக்கும் பணத்தில் பதிப்பாளருக்கு வரும் பங்கில், பாதி எங்களுக்கு வேண்டும், இல்லாவிட்டால் எல்விஸ் பாட மாட்டார். வெளிவந்துவிட்ட பாட்டை, எழுதியவருக்கு உரிய கட்டணத்தைக் கொடுத்துவிட்டு யாரும் திரும்பப் பாட அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. எல்விஸ் தரப்பின் வழக்கம் வேறு. டாலி முடியாது என்றார். இரவெல்லாம் அழுததாகச் சொல்கிறார். எனக்கு அந்த இரவுதான் மனதை விட்டுப் போகவில்லை. அப்போது அவருக்கு வயது முப்பதைக்கூடத் தொட்டிருக்காது. எல்விஸ் குரலில் தன் பாட்டு வருவதை விட்டுவிட்டு, சரி, பரவாயில்லை என்று போனை வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

1975-ல் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் பாடினார். 1992-ல் 'தி பாடிகார்ட்' படத்தில் விட்னி பாடுவதற்காக, படத்தின் ஹீரோ கெவின் காஸ்ட்னர் எடுத்துக் கொடுத்தது லிண்டாவின் பதிவைத்தான். அதில் டாலி பேசுகிற அந்தக் கடைசிச் சரணம் இல்லை. தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் டாலிக்குப் போன் செய்தபோது, அவர்தான் விட்டுப்போனதைச் சொல்லி வரிகளையும் தந்திருக்கிறார். போகிறவள் மனதார வாழ்த்துகிற சரணம் அது. அது இல்லாமல் விட்னியின் பாட்டு எப்படி முடிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

படப்பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. டாலி அதை முதன்முதலில் கேட்டது காரில் போகும்போது, ரேடியோவில். வாத்தியம் எதுவும் இல்லாமல் வந்த முதல் வரிகளில் எங்கோ கேட்ட மாதிரி இருந்திருக்கிறது. தன் பாட்டு என்று உறைத்ததும் ஓட்ட முடியாமல் ஓரம் கட்டினாராம். அமெரிக்காவில் சாதாரண ரேடியோ நிலையங்கள் பாடியவருக்குப் பணம் கொடுப்பதில்லை, எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டும்தான். ரேடியோவில் விட்னி குரல் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் டாலிக்குக் காசு. கர்னல் கேட்ட அந்தப் பாதியும் சேர்த்து.

நான் வேலையை விட்டபோது என் மேனேஜர் நோட்டீஸ் காலம் முழுக்க என்னோடு பேசவில்லை. வேலை கற்றுக்கொடுத்தவர் என்பதால் வலி அதிகம். மூன்று பக்கத்துக்கு மெயில் அடித்து வைத்திருந்தேன், ஏழு வருடக் கணக்கும் அதில் இருந்தது. அனுப்புவதற்கு முன் அந்தப் பேசுகிற சரணத்தை ஒருமுறை கேட்டேன். மெயிலை அழித்துவிட்டு ஐந்து வரி எழுதினேன். நன்றி என்று எழுதியது வழக்கத்துக்காக இல்லை.

வேகனர் 1979-ல் டாலி மேல் 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தார்கள். 2007-ல் நாஷ்வில்லின் கன்ட்ரி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில், வேகனர் அங்கே சேர்ந்து ஐம்பது வருடமானதைக் கொண்டாடினார்கள். டாலி வந்து, அவர் எதிரிலேயே இதே பாட்டைப் பாடினார். சில மாதத்தில் வேகனர் இறந்துபோனார்.

என் மேனேஜரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. எங்காவது பார்த்தால் நின்று பேசுவேன்.