மாமாவின் லேப்டாப்: 1 டிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு

மாமா வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். லேப்டாப் 2014 வாக்கில் வாங்கியது: 4ஆம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், இப்போது விண்டோஸ் 10. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு 1 எம்பிகூடத் தேறாது.

இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம் படிக்கும் தலைக்கு அடியில் வர சராசரியாக அதில் பாதி. தலை நகர்ந்து போக இன்னொரு 12 என்று வைத்தால், நொடிக்கு அறுபது இடத்தைக்கூடத் தொட முடியாது. ஒவ்வொரு இடத்திலும் 4 கேபி எடுத்தால் மொத்தம் 240 கேபிக்குள். டிஸ்க் முழுமூச்சாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் கிட்டத்தட்ட முழு நேரமும் நகர்வதிலும் காத்திருப்பதிலுமே போகிறது. எஸ்எஸ்டி சிப்பிலேயே சேமிப்பது, அதில் சுற்றவோ நகரவோ ஒன்றும் இல்லை. நான் எஸ்எஸ்டி வாங்கச் சொன்னது இதற்காகத்தான், பெட்டியில் போட்டிருக்கும் 550 எம்பி வேகத்துக்காக அல்ல.

புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டால் சுத்தமாக இருக்குமே என்று யாரும் சொல்வார்கள். இங்கே அது நடக்காது. மாமாவின் பிழைப்பே பேஜ்மேக்கர் 7, பக்கம் வடிவமைக்கும் மென்பொருள். அது 2001இல் வந்தது, அந்த சிடி எங்கே போனதோ. அப்புறம் பாமினி தொடங்கி யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்கள், சில நூறு. "மாப்ள, ஃபான்ட் ஒண்ணு விட்டுப்போனாலும் பழைய பத்திரிகை பூரா ஏபிசிடியா வந்துரும்" என்றார். உண்மைதான், அந்த ஃபைல்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள், ஃபான்ட்தான் அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. ஆகவே இருப்பதை இருக்கிறபடியே தூக்கி வைப்பது என்று முடிவு.

முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (படிக்கத் திணறும் இடங்கள்) இரண்டு வரிகளிலும் பூஜ்யம். இதில் எண் ஏதாவது இருந்திருந்தால் பார்ட்டிஷனை, அதாவது சி, டி என்று டிஸ்க்கைப் பிரித்த பகுதியைச் சுருக்கும் வேலையையே தொட்டிருக்க மாட்டேன். அப்படிப்பட்ட டிஸ்க்கில் டேட்டாவை நகர்த்தக் கூடாது, முதலில் நகல், மற்றதெல்லாம் பிறகு. அடுத்து டி டிரைவில் இருந்த கல்யாண வீடியோக்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றினேன். மாமாவின் வேலை ஃபைல்களுக்கும் அதிலேயே ஒரு நகல்.

இனிதான் நிஜமான வேலை. 1 டிபி என்பது விண்டோஸ் கணக்கில் 931 ஜிபி, 500 ஜிபி என்பது 465. நிரம்பியிருப்பது 270தானே, அடங்கிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கும்போது பார்க்க வேண்டியது கடைசிப் பார்ட்டிஷன் எங்கே முடிகிறது என்பதை. சி 195 ஜிபி, அதற்குப் பின்னால் டி 735. டியை 250க்குக் குறைக்க வேண்டும், அதாவது 485 ஜிபி வெட்ட வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கேட்டால் 310தான் தருவேன் என்கிறது, இத்தனைக்கும் காலியிடம் 570க்கு மேல்.

இடையில் நகராத ஃபைல் ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எது என்பதை விண்டோஸே எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய் 259 என்ற எண்ணைத் தேடினால், சுருக்கவிடாமல் தடுக்கும் கடைசி ஃபைலின் பெயர் இருக்கும். முதலில் வந்தது சிஸ்டம் ரெஸ்டோர் சேமித்து வைத்த பழைய நகல்கள். டிக்கு அதை அணைத்தேன். மறுபடி கேட்டதில் 390 ஆனது. மறுபடி 259ஐப் பார்த்தால் இந்தமுறை எம்எஃப்டியின் ஒரு துண்டு, அதாவது டிரைவில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பேரேடே நடுவில் கிடக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை நகர்த்தித் தரவில்லை.

சரி, வெளியிலிருந்து செய்வோம் என்று சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, அதிலுள்ள பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டட்டைத் திறந்தேன். அதற்கு முன் விண்டோஸில் ஹைபர்னேஷனை (ஓடிக்கொண்டிருந்த நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்குவது) அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் புண்ணியத்தில் ஷட்டவுன் என்பது அரைத் தூக்கம்தான், ஜிபார்ட்டட் அந்த டிரைவைத் தொட மறுக்கும். மறுப்பது நல்லதற்கே. அணைத்த பிறகு பேச்சில்லாமல் டியை 250க்குச் சுருக்கித் தந்தது. முடிந்ததும் விண்டோஸுக்குள் ஒருமுறை போய், அது கேட்கும் டிஸ்க் செக்கை முழுதாக ஓடவிட்டேன்.

நகல் எடுக்க டிடிரெஸ்க்யூ, பழுதான டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்கும் கருவி. டிஸ்க் நன்றாக இருக்கும்போது அது எதற்கு என்றால், கரண்ட். லேப்டாப் பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது, நடுவில் கரண்ட் போனால் அவ்வளவுதான். டிடிரெஸ்க்யூ எதுவரை எடுத்தோம் என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும், திரும்ப ஆரம்பித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பென் டிரைவில் பூட் ஆன சிஸ்டம் ரேமில்தான் ஓடுகிறது என்பதால் மேப் ஃபைலை இன்னொரு பென் டிரைவில் வைத்தேன். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று எஸ்எஸ்டியின் அளவையே கொடுத்தேன்: 500,107,862,016 பைட். எஸ்எஸ்டியை மாட்டிய யூஎஸ்பி கேபிளை நீல நிற (யூஎஸ்பி 3) ஓட்டையில் செருகியதும் 110 எம்பி வேகத்தில் கிளம்பியது, போகப்போக 90க்கு இறங்கியது. வட்டின் வெளி ஓரத்திலிருந்து உள்ளே போகப்போக ஒரு சுற்றில் அடங்கும் டேட்டா குறைவு, அதனால்தான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கரண்ட் அன்றைக்குப் பார்த்துப் போகவே இல்லை.

இன்னும் ஒரு சடங்கு பாக்கி. இந்த டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் ஜிபிடி முறையில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு இரண்டு பிரதி உண்டு, ஒன்று டிஸ்க்கின் தொடக்கத்தில், மற்றது கடைசியில். நாம் பாதி டிஸ்க்கைத்தான் எடுத்திருக்கிறோம், கடைசிப் பிரதி வரவில்லை. ஜிபிடி அட்டவணையைத் திருத்தும் ஜிடிஸ்க்கில் எஸ்எஸ்டியைத் திறந்ததும், அட்டவணையின் தலைப்பகுதியில் சொல்லியிருப்பதைவிட டிஸ்க் சிறியது என்று எச்சரித்தது. எக்ஸ்பர்ட் மெனுவில் பின்பிரதியைக் கடைசிக்கு நகர்த்தும் கட்டளையைக் கொடுத்து எழுதச் சொன்னேன். சோதித்துப் பார்த்ததில் பிழை இல்லை.

டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவதெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் வேலை. பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7, கூடவே வந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் ஆடாமல் உட்காரும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டிப் பூட் செய்ய வேண்டாம். அடையாள எண் முதற்கொண்டு இரண்டும் ஒன்றே, விண்டோஸ் குழம்பும்.

முதல் பூட்டே விண்டோஸுக்குள் போனது. பேஜ்மேக்கர் அத்தனை ஃபான்ட்களையும் படித்துக்கொண்டு திறப்பதற்குள் முன்பு ஒரு போன் பேசி முடிக்கலாம், இப்போது கிளிக் செய்த கை மவுஸிலிருந்து எடுப்பதற்குள் வந்துவிடுகிறது. மாமா ஒரு பழைய பத்திரிகையைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கி ஒற்றும் புள்ளியும் சரியா என்று பார்த்துவிட்டு, "ம், எல்லாம் இருக்கு" என்றார். ஆப்டிமைஸ் டிரைவ்ஸில் சாலிட் ஸ்டேட் டிரைவ் என்றே காட்டுகிறது, டிரிம்மும் (அழித்த ஃபைல்களின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) ஆனில் இருக்கிறது. கடைசியில் மிஞ்சிய இருபது ஜிபி போல காலியாகவே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பழைய டிஸ்க் உறையில் போட்டு பீரோவில், இப்போதைக்கு அழிப்பதாக இல்லை.

போட்டோஷாப்பில் பெரிய பேனர் ஃபைல் மட்டும் இன்னும் திணறுகிறது. அது ரேம் பற்றாக்குறை, எஸ்எஸ்டி அதற்கு மருந்தல்ல. ஒரு ஸ்லாட் காலி. இந்தத் தலைமுறை லேப்டாப்புக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும், சாதா டிடிஆர்3 ஒத்துவராது. செகண்ட் ஹேண்டில் ஒரு 4 ஜிபி தேடிக்கொண்டிருக்கிறேன்.