மூன்றாவது ஆள் வந்ததும் திரை கறுத்தது

சிம்மக்கல்லில் எனக்கு ஒரு சின்ன அலுவலகம். கீழமாசி வீதி மளிகைக் கடைகள் சிலவற்றுக்கும் இரண்டு ஜவுளிக் கடைகளுக்கும் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தி மேலூரிலும் இன்னொருத்தி உசிலம்பட்டியிலும் வீட்டில் இருந்தே டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு போடுகிறார்கள். மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி. அந்த இடைப்பட்ட நாட்களில் தினமும் திரையைப் பகிர்ந்து, கடைக்காரரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பில்லாகப் பார்த்தால்தான் தப்பு வராது.

முன்பெல்லாம் பொதுவில் கிடைக்கும் ஜிட்சி என்ற வீடியோ அழைப்புத் தளத்தில் பேசுவோம். 2023 ஆகஸ்ட் முதல் அங்கே அறையைத் திறப்பவர் ஏதாவது ஒரு கணக்கில் உள்நுழைய வேண்டும் என்று ஆனது. அது பெரிய சிரமமில்லை. ஆனால் ஒருநாள் நான் முழுத் திரையையும் பகிர்ந்துவிட்டேன். பேச்சுக்கு நடுவில் இன்னொரு கடையின் கொள்முதல் விலைப் பட்டியல் வந்து விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர் அதே தெருவில் அதே சரக்கு விற்கும் அண்ணாச்சி. "மூடு தாயி, நான் பாக்கல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. தப்பு என்னுடையதுதான். அதோடு, இந்தக் கணக்கெல்லாம் தினமும் யார் இயந்திரம் வழியாகப் போய் வருகிறது என்ற கேள்வியும் அன்றைக்குத்தான் எழுந்தது.

அண்ணன் மகன் கணினி படித்தவன். அவன் விளக்கினான்: ஜிட்சியில் இரண்டு பேர் பேசினால் முடிந்தவரை படமும் ஒலியும் நேராக ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். மூன்றாவது ஆள் வந்தால் நடுவில் வீடியோபிரிட்ஜ் என்ற பாலம் எல்லாரிடமும் வாங்கி எல்லாருக்கும் அனுப்பும். வழியில் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) உண்டு, ஆனால் பாலத்தில் அது அவிழ்ந்து மறுபடி கட்டப்படும். பாலம் யாருடையதோ அவர் நினைத்தால் பார்க்கலாம். "பாலத்துக்கும் தெரியாம அனுப்புற முனைக்கு முனை மறையாக்கம் தனியா இருக்கு அத்தை, ஆனா எல்லா பிரவுசர்லயும் ஓடாது. பாலமே நம்மளதா இருந்தா இந்தக் கவலை இல்லைல?" என்றான்.

சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடியதாக, ஜிட்சியையும் சேர்த்து நாலு மென்பொருளைப் பார்த்தோம். கோப்புகளும் ஒரே இடத்தில் இருக்கும் என்பதால் முதலில் எனக்கு நெக்ஸ்ட்கிளவுட் டாக் மேல் ஆசை. அதற்கென்று தனிப் பின்புலச் சேவை ஒன்றை நிறுவாவிட்டால், ஒவ்வொருவரும் மற்ற எல்லாருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்ப வேண்டும். ஐந்து பேர் என்றால் நாலு தடவை ஏற்ற வேண்டும். உசிலம்பட்டிப் பிள்ளைக்கு இருப்பதோ கைபேசி டேட்டா. விட்டுவிட்டோம். பிக்புளூபட்டன், கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பறைக்காகப் பிறந்தது. வெண்பலகை, மாணவர்களைக் குழுவாகப் பிரிப்பது, பதிவு எல்லாம் இருக்கிறது. டியூஷன் நடத்துகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் 16 ஜிபி நினைவகமும் 8 கோர் உள்ள செயலியும் கேட்கிறது. எங்கள் ஐந்து பேருக்கு அவ்வளவு பெரிய சர்வர் எதற்கு?

அடுத்தது கலேன். அதை அண்ணன் மகன் ஒரே சாயங்காலத்தில் ஏற்றிவிட்டான். கோ என்ற கணினி மொழியில் எழுதியது, பாரிஸில் ஒரு பேராசிரியர் உருவாக்கியது. சின்ன சர்வரிலேயே இலகுவாக ஓடியது, பகிர்ந்த திரையில் எழுத்தும் தெளிவு. எனக்கு இன்னும் அதன்மேல் பிரியம் உண்டு. ஆனால் கைபேசியில் பிரவுசர் வழியாகத்தான் பேசிப் பார்த்தோம். கைபேசி பிரவுசர்கள் தம் திரையைப் பகிர விடுவதில்லை. எங்கள் அண்ணாச்சிமாரில் பாதிப் பேரிடம் கணினியே கிடையாது. ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும் பிழையை அவர்கள்தான் கைபேசியில் இருந்து எனக்குக் காட்ட வேண்டும். ஜிட்சியின் ஆண்ட்ராய்டு செயலியில் அது முடியும். அதோடு ஜிட்சிதான் என்று முடிவானது.

அலுவலகத்துப் பழைய கணினியிலேயே நிறுவலாம் என்று பார்த்தால், எங்கள் இணைப்பில் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே பொது ஐபி முகவரி. வெளியில் இருந்து உள்ளே வர வழியில்லை. மும்பையில் 4 ஜிபி சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். சொந்தமாக டொமைன் பெயரும் வேண்டும், ஏனென்றால் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளத்துக்கு பிரவுசர் மைக், கேமரா, திரை எதையும் கொடுக்காது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம். 90 நாளுக்குத்தான் செல்லும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்தான்.

முதல் நாள் நானும் அவனும் பேசினோம். பளிச்சென்று வந்தது. மேலூர்ப் பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் பெயர் வந்த அடுத்த நொடி மூன்று பேருக்கும் திரை கறுத்து, சத்தமும் நின்றது. அவள் வெளியே போனால் எங்கள் இருவருக்கும் மறுபடி படம். இரண்டு நாள் இதே கதை. கேமராவை மாற்றினோம், பிரவுசரை மாற்றினோம், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவினோம். அவன் முதலில் சொன்ன விளக்கத்திலேயே விடை இருந்தது. இருவருக்குப் பாலம் வேண்டாம், மூவருக்கு வேண்டும். அப்படியானால் பாலத்துக்குப் போகும் வழி அடைத்திருக்கிறது. அந்த வழி, சர்வரில் யூடிபி 10000 என்ற எண் கொண்ட வாசல் (போர்ட்). சர்வருக்குள் அதைத் திறந்திருந்தோம். வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் பக்கத்தில் இன்னொரு தடுப்பு (ஃபயர்வால்) இருந்ததைக் கவனிக்கவில்லை. அதைத் திறந்தும் சரியாகவில்லை. மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கரில் நிறுவியிருந்ததால், பாலம் தன் உள் முகவரியையே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. அமைப்புக் கோப்பில் பொது ஐபியை எழுதி மறுபடி தொடங்கியதும் மூன்று முகமும் தெரிந்தது. நீங்கள் நிறுவினால் இருவர் பேசிப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள், மூன்றாவது ஆளை வேறு இணைப்பில் இருந்து சேருங்கள்.

நிறுவியபடியே விட்டால் முகவரி தெரிந்த யாரும் அறை திறக்கலாம். கடவுச்சொல் உள்ளவர் திறக்க, மற்றவர் விருந்தினராக வர என்று மாற்றினோம்.

பகிரும் திரைக்கு ஜிட்சி வழக்கமாக நொடிக்கு 5 படம்தான் அனுப்பும். வீடியோ ஓட்டினால் விட்டுவிட்டு வரும், கணக்குக்கு அது போதும். கைபேசியில் எண்கள் பொடியாகத் தெரிந்ததற்குக் காரணம் என் பெரிய மானிட்டர். பகிரும்போது திரை அளவை 1280×720க்குக் குறைத்தேன், அவர்களைக் கைபேசியைப் படுக்கை வசமாகப் பிடிக்கச் சொன்னேன். முழுத் திரையை இப்போது நான் பகிர்வதே இல்லை, டேலி ஜன்னல் மட்டும்தான்.

14ஆம் தேதி, சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வந்ததும் கொள்முதலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, "கொஞ்சம் மேல போ தாயி. விருதுநகர் பருப்பு பில்லு எங்க காணோம்?" என்றார். நான் தவறவிட்ட வரி அது. இணைப்பை வைக்கும் முன்பே இன்னொரு போனில் விருதுநகரைக் கூப்பிட்டுவிட்டார்.