வெர்டியும் அம்மாவின் சம்படமும்

லண்டனுக்கு வந்த அம்மாவுக்கு மியூசியம், தேம்ஸ் படகு எல்லாம் காட்டி முடித்தாகிவிட்டது. அடுத்து ராயல் ஆல்பர்ட் ஹாலில் கோடையில் நடக்கும் ப்ராம்ஸ் என்ற மேற்கத்திய சங்கீத விழாவில் கச்சேரி ஒன்றுக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான், அதனால் அப்புறம் நடந்ததற்கு வேறு யார் மேலும் பழி போட முடியாது. அன்றைக்கு இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ரெக்வியம். உட்காரும் டிக்கெட் எப்போதோ தீர்ந்துவிட்டது. அன்றன்று காலையில் விற்கும் நிற்கும் டிக்கெட் அப்போது ஆளுக்கு 8 பவுண்டு. கீழே மேடைக்கு முன்னால் நிஜமாகவே நிற்க வேண்டும், ஆனால் உச்சிமாடி கேலரியில் நிற்பது என்பது பேச்சுக்குத்தான், தரையில் உட்காரலாம், படுக்கவும் படுக்கலாம். கேலரி எடுத்தேன்.

சௌத் கென்சிங்டன் வரும்வரை ரயிலில் அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். நடுவில் கைதட்டக் கூடாது. பேசக் கூடாது. தொடையில் தாளம் போடக் கூடாது. இருமல் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும், கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் இடைவேளையே இல்லை, தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிற வேலையெல்லாம் இங்கே நடக்காது. எல்லாவற்றுக்கும் "சரிடா" என்றவள், ரெக்வியம் என்றால் என்ன என்று மட்டும் கேட்டாள். இறந்தவர்களுக்கான பூசை, மான்சோனி என்ற எழுத்தாளர் 1873 மே 22 அன்று இறந்தார், அடுத்த வருஷம் அதே தேதியில் மிலானில் ஒரு சர்ச்சில் வெர்டி இதை முதல்முதலாக நடத்தினார் என்றேன்.

"தலைத்திவசம்னு சொல்லு."

"1875-ல் நாம போற இதே ஹாலுக்கு வெர்டியே வந்து நடத்தியிருக்கார்மா."

"வருஷா வருஷம் பண்ணணும்தானே."

வாசலில் பையைச் சோதித்த பெண் எவர்சில்வர் சம்படம் ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார். அம்மா கல்கண்டும் மிளகும் போட்டு எடுத்து வந்திருக்கிறாள், எனக்கே அப்போதுதான் தெரியும். "நீதானே இருமக் கூடாதுன்னே" என்றாள்.

கேலரிக்குப் போனதும் நான் கூச்சத்தோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா அரை நிமிஷம் சுற்றிலும் பார்த்தாள். ஒருத்தர் ஷூவைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார், ஒரு பெண் கம்பளம் விரித்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். "திருவையாத்துப் பந்தல் மாதிரியே இருக்கு" என்று சால்வையை விரித்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மேலே பார்த்து, "கூரையில ஏன்டா காளான் முளைச்சிருக்கு?" அந்த வட்டத் தட்டுகளுக்கு இங்கேயும் காளான் என்றுதான் பெயர். 1871-ல் திறந்ததிலிருந்தே கோபுரக் கூரையில் பட்டு எதிரொலி தொல்லை, ஒரே டிக்கெட்டில் இரண்டு தடவை கச்சேரி கேட்கலாம் என்று கிண்டல் செய்வார்களாம். 1969-ல் இவற்றைத் தொங்கவிட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

ரெக்வியம் ரகசியம் சொல்வது போல ஆரம்பிக்கிறது. கீழே கோரஸ் மட்டும் இருநூறு பேருக்குக் குறையாது, அத்தனை பேரும் சேர்ந்து முணுமுணுக்கிறார்கள். அந்த நேரம் கறுப்பு உடையில் நாலு பேர் கையில் ட்ரம்பெட்டோடு பூனை போல வந்து எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்றார்கள். வெர்டி எட்டு ட்ரம்பெட் கேட்டிருக்கிறார், அதில் நாலு தூரத்திலிருந்து ஒலிக்க வேண்டும், அந்தத் தூரம் நாங்கள்தான். அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்? இடம் இல்லாமல் நிற்கிறார்கள் பாவம் என்று நகர்ந்து சால்வையைத் தட்டி, ஒருத்தரை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டி மறுத்தார். நான் காளான்களை எண்ணத் தொடங்கினேன்.

இறுதித் தீர்ப்பு நாளைப் பாடும் டியெஸ் இரே பகுதி வந்தது. முன்னறிவிப்பே கிடையாது, மொத்த ஆர்கெஸ்ட்ராவும் நாலு அடி அடிக்கிறது, பின்னாலேயே பெரிய டிரம் நெஞ்சில் இடிக்கிறது. வரும் என்று தெரிந்திருந்தும் தூக்கிவாரிப் போட்டு, காலால் சம்படத்தை உதைத்துவிட்டேன். கல்கண்டு சிதறியது, மூடி உருண்டு ஓடியது. அந்தப் பிரளயத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. தவழ்ந்து போய் மூடியைப் பிடித்து, மிளகைப் பொறுக்கிப் போட்டு, நிதானமாகவே மூட ஆரம்பித்தேன்.

வெர்டி இந்த இடத்தில் என்ன செய்திருக்கிறார் என்றால், அவ்வளவு கூச்சலையும் அப்படியே வற்றவிட்டு, கோரஸைப் பயந்துபோய்க் கிசுகிசுக்க வைக்கிறார். அந்தக் கிசுகிசுப்பில் என் மூடி "டக்". பிறகு கைநழுவித் தரையில் விழுந்து, ஒரு ரூபாய்க் காசு சுற்றி அடங்குமே, அந்த மாதிரி டிங், டிங், டிரிரிரிங். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். ட்ரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோன மனிதர் ஓரக்கண்ணால் மூடியைப் பார்த்தார், நல்லவேளை, அடுத்த கணமே அவர் ஊத வேண்டியிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூடியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள், அதுவும் ட்ரம்பெட் உச்சத்துக்குப் போனபோது பார்த்து.

அதற்கப்புறம் நான் அசையவில்லை. லாக்ரிமோசா என்ற கண்ணீர்ப் பகுதியில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாங்க்டுஸ் என்ற துதிப் பகுதியில் கோரஸ் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று துரத்தியபோது சால்வை நுனிக்கடியில் அவள் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சொல்கிற தகுதி எனக்கு இல்லை.

கடைசியில் சோப்ரானோ பாடகியின் குரலும் தணிந்து, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் ஒலி நின்றது. கண்டக்டர் கையை இறக்கவில்லை. ஐயாயிரம் பேர் மூச்சுவிடவில்லை. சரியாக அப்போது என் தொண்டையில் அரிப்பு. கண்ணில் தண்ணீர் முட்ட அடக்கிக்கொண்டிருக்கையில், மேடையிலிருந்து பார்வையை எடுக்காமலே அம்மாவின் கை பக்கவாட்டில் நீண்டது, உள்ளங்கையில் இரண்டு கல்கண்டு.

மூடியை வீட்டுக்கு வந்துதான் வெளியே எடுத்தாள்.