ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 54 பைட்

பழைய நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்துவைக்கும் ஓர் அலுவலகத்தில், சர்வர்களைப் பராமரிக்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. கோப்புகள் இருந்த முதன்மை சர்வர் விண்டோஸில் இயங்கியது. இரவுதோறும் அதற்கு நகல் எடுத்துவைக்கும் பேக்கப் சர்வர் லினக்ஸில் இயங்கியது. ஒரு நாள், யாரோ தவறுதலாக அழித்துவிட்ட கிரயப் பத்திரம் ஒன்றை மீட்பதற்காக பேக்கப்பைத் திறந்தேன். அந்தக் கோப்பு முந்தைய நாள் நகலில் இல்லை. முந்தைய மாத நகலிலும் இல்லை. ஒருமுறைகூட அது நகலெடுக்கப்பட்டதே இல்லை என்பது பதிவேடுகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பதிவேட்டில் ஒவ்வோர் இரவும் ஒரே செய்தி இருந்தது: கோப்பின் பெயர் மிக நீளம், பிழை எண் 36. நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல், சில கோப்புகள் விடுபட்டதைக் குறிக்கும் 23 என்ற எண்ணை முடிவில் தந்திருக்கிறது. யாராவது ஒரு கோப்பைத் திறந்தபடியே விட்டுச் சென்றாலும் அதே எண் வரும் என்பதால், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நிரலில் எழுதிவைத்தவன் நான்தான். நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரங்கள் அந்த ஒரு வரிக்குப் பின்னால் மறைந்து கிடந்தன.

விடுபட்டவை எல்லாமே தமிழில் நீளமாகப் பெயரிடப்பட்டவை. டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பில் ஒரு பெயர் 255 குறிகள்வரை இருக்கலாம்; தமிழ்க் குறியும் அங்கே ஒன்றாகவே எண்ணப்படும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 அமைப்பிலும் 255 என்றே எழுதியிருக்கும்; ஆனால் அது பைட் கணக்கு, அதாவது டிஸ்கில் பிடிக்கும் இடத்தின் கணக்கு. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும், புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் குறிகள். ஆகவே தமிழுக்குக் கிடைப்பது 85 குறிகள்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: நம் கண்ணுக்கு 8 எழுத்துகள், கணினிக்கு 18 குறிகள், டிஸ்கில் 54 பைட். ஊர்ப்பெயர் ஒன்றே அனுமதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதன்பின் கிராமம், சர்வே எண், விற்றவர், வாங்கியவர், அவரவர் தகப்பனார் பெயர் என்று எங்கள் ஊழியர்கள் அக்கறையோடு சேர்த்துக்கொண்டே போயிருந்தார்கள். மிகுந்த கவனத்தோடு பெயரிடப்பட்ட கோப்புகளே பாதுகாப்பில்லாமல் இருந்தன என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இனி எல்லாப் பெயரையும் ஆங்கிலத்தில் வைத்துவிடலாம் என்று மேலாளர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ‘கீழ’ என்று தொடங்கும் ஊரை ஆங்கிலத்தில் ஒருவர் இசட்எச் போட்டு எழுதுவார், இன்னொருவர் எல் போட்டு எழுதுவார். தேடும்போது பாதி கிடைக்காது. பத்திரத்தில் இருக்கும் எழுத்திலேயே பெயர் இருக்க வேண்டும் என்பதே சரி. பெயரிடும் பணியில் மூத்தவரான அக்கா ஒருவரோடு உட்கார்ந்து, எதை வைப்பது, எதை எடுப்பது என்று தாளில் எழுதிப் பார்த்தோம். “ஊர்ப் பேர்ல மட்டும் கை வைக்காதீங்க தம்பி, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார். ஆள் பெயர்களும் சர்வே எண்ணும் தனி அட்டவணைக்குப் போயின. ‘கிரயப் பத்திரம்’ என்ற 43 பைட், ‘கிரயம்’ என்று 18 ஆனது.

அதே ஆண்டு இன்னொரு சர்வரில், 200 ஜிபி பகுதியில் 60 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும், இடம் இல்லை என்ற செய்தியோடு ஸ்கேன் வேலை நின்றது. இம்முறை தீர்ந்துபோனது ஐநோட் எண்ணிக்கை; ஒவ்வொரு கோப்புக்கும், அது எவ்வளவு சிறியதானாலும், ஒன்று வேண்டிய பதிவுதான் ஐநோட். ஈஎக்ஸ்டி4 பகுதியை உருவாக்கும்போதே, வழக்கமான அமைப்பில் 16 கேபிக்கு ஒன்று வீதம், எத்தனை கோப்புகளுக்கு இடம் என்று முடிவாகிவிடுகிறது. 200 ஜிபிக்கு அது ஏறக்குறைய 1 கோடியே 31 லட்சம். ஒவ்வொரு பக்கத்துக்கும் சில கேபி அளவில் முன்னோட்டப் படங்களை உருவாக்கிக் குவித்த மென்பொருள் அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டிருந்தது. டிஸ்கின் இருப்பைக் காட்டும் டிஎஃப் கட்டளையை ஐ என்ற விருப்பத்தோடு கொடுத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் அரை நாள் பெரிய கோப்புகளைத் தேடிக்கொண்டிருந்தேன். பழைய முன்னோட்டங்களை அழித்து அன்றைக்குச் சமாளித்தாலும், அந்த எண்ணிக்கையை அங்கேயே கூட்ட வழியில்லாததால், பிறகு டேட்டாவை எக்ஸ்எஃப்எஸ் அமைப்புக்கு மாற்றினோம். அது ஐநோட்களைத் தேவைப்படும்போது உருவாக்கிக்கொள்ளும்.

அந்த இரு நிகழ்வுகளுக்குப் பிறகு, 23 என்ற எண்ணைப் புறக்கணிக்கும் வரியை எடுத்துவிட்டேன். பெயரின் பைட் கணக்கு 200-ஐத் தாண்டும் கோப்புகளின் பட்டியலையும், ஐநோட் இருப்பையும் தினமும் காலையில் மின்னஞ்சலில் அனுப்பும் சிறு நிரல் ஒன்றையும் எழுதினேன். அழிந்துபோன பத்திரத்தின் மூலத்தாள் நல்லவேளையாக இன்னும் உரியவரிடம் திரும்பிப் போகாமல் எங்கள் தாள்கட்டுக்குள்ளேயே இருந்தது. அக்காவே அதை மறுபடி ஸ்கேன் செய்து, ஊர், கிரயம், நான்கு இலக்க ஆண்டு, நான்கு இலக்க ஆவண எண் என்று பெயரிட்டார். இடைக்கோடுகளும் பிடிஎஃப் என்ற பின்னொட்டும் சேர்த்து 87 பைட். மறுநாள் காலையில் நான் முதலில் பேக்கப் சர்வரில் அதைத் தேடினேன், இருந்தது.