வேர் பற்றிய முடிச்சு

பல் குத்தும் குச்சியின் ஈர நுனியில் ஒரு விதை. தூசி என்று ஊதிவிடலாம், அவ்வளவு சிறிது.

குச்சியைப் பிடித்திருப்பது ஒரு சிறைவாசியின் கை. இன்று கண்ணில் பட்ட படம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளில் வளர்க்கும் புல்வெளிச் செடிகளில் ஒன்று, கோல்டன் பெயின்ட்பிரஷ். 1997இல் அழியும் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தது. 2023இல் மீண்டு வெளியே வந்தது!

இதன் விதையைப் புதைக்கக் கூடாது. ஈரத்தோடு 4 டிகிரி குளிரில் சில வாரம் வைத்து, மண்மேல் இட்டால் போதும். பூவாளியில் ஊற்றினால் விதை அடித்துப் போய்விடும். பனிபோலத் தெளிக்க வேண்டும். ஈரம் கூடினால் தண்டின் அடி அழுகி நாற்று சாய்ந்துவிடும்.

முக்கியமான விஷயம் இனிதான். இது அரை ஒட்டுண்ணி. இலையில் பச்சையம் உண்டு. ஆனாலும் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி நீரும் சத்தும் எடுக்கும். துணையில்லாமல் நட்டால் தேறுவது கடினம்.

அதனால் அருகில் ஃபெஸ்க்யூ புல்லோ ஒரேகான் சன்ஷைன் என்ற பூச்செடியோ வேண்டும். அது முந்தி வளர்ந்து நிழல் கட்டினால் நாற்று மெலியும். அப்போது துணைச் செடியின் நுனியை வெட்டிவிட வேண்டும்.

சூழலியல் பாடத்துக்கு இதைவிட நல்ல கரும்பலகை எனக்குத் தெரியவில்லை. வேர்களை மெதுவாக அலசிப் பார்த்தால், ஒன்று மற்றொன்றைப் பற்றிய இடத்தில் சின்னஞ்சிறு முடிச்சு தெரியும்.