வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அரை மணி நேர ஆலோசனை எப்படி இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்புப் பதிவை இப்போது இணையத்திலேயே செய்துவிடலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதும் அப்படியே. அதன் பிறகும் அலுவலகப் படியேறி வருகிறவர், அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் வருகிறார். மாவட்ட மையங்கள் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்துகின்றன, நல்ல விஷயம். போட்டித் தேர்வு எழுதாதவருக்கான ஆலோசனைதான் மெலிந்து கிடக்கிறது.

ஒருவருக்கு அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். முதல் வேலை, அவருடைய பதிவைத் திரையில் திறந்து அவர் முன்னாலேயே சரிபார்ப்பது. கோளாறு பாதி இங்கேதான். பத்தாம் வகுப்போடு பதிந்தவர், பிறகு வாங்கிய ஐ.டி.ஐ. சான்றையோ தட்டச்சு சீனியரையோ சேர்த்திருக்க மாட்டார். பதிவில் ஏறாத தகுதிக்கு, வேலை தருகிறவர்களுக்கு அலுவலகம் அனுப்பும் பரிந்துரைப் பட்டியலில் பெயர் வராது. செல்போன் எண் மாறியிருக்கும். ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரியும் மதிப்பெண் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கும். புதுப்பிக்காமல் விட்டால் பதிவு சீனியாரிட்டி போய்விடும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் வழிகள். பத்து முடித்து இரண்டாண்டு ஐ.டி.ஐ. படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் அதே வசதி உண்டு. இதோடு நிறுத்திவிட்டால் போதாது. ஃபிட்டர் வேலைக்கு ஷிப்ட் எப்படி, நாள் முழுக்க நிற்க வேண்டுமா, கம்பெனி பஸ் எந்த ஊர் வரை வருகிறது என்று தெரியாமல் சேர்கிற பையன் பாதியில் விட்டுவிடுகிறான். இந்த விவரமெல்லாம் சென்னையிலிருந்து வராது. உள்ளூர் அலுவலர் காலாண்டுக்கு ஒருமுறை நிறுவனங்களிடமும், சென்ற ஆண்டு அங்கே சேர்ந்தவர்களிடமும் கேட்டுத் திரட்ட வேண்டும். இரண்டு பக்கமும் கேட்பது முக்கியம்: விளம்பரச் சம்பளத்தில் ஓவர்டைமையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் வருவது எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத்தான் தெரியும்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு 2022 முதல் நான் முதல்வன் திட்டத்தின் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் உண்டு. வயது ஏற ஏற இந்த அக்கறை குறைந்துவிடுகிறது. திருப்பூரில் இருபது வருடம் பனியன் கம்பெனியில் தைத்த ஒரு அம்மாவிடம் ‘என்னம்மா படிச்சிருக்கீங்க?’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஓவர்லாக் ஓட்டினீர்களா, செக்கிங் பார்த்தீர்களா, புதிதாக வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்களா என்று கேட்க வேண்டும். கற்றுக்கொடுத்தவர் என்றால் சூப்பர்வைசர், பயிற்றுநர் வேலைகளைப் பற்றிப் பேசலாம். சான்றிதழ் இல்லாத அனுபவத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் ஆர்.பி.எல். முறையும் இருக்கிறது.

கிளம்பும்போது கையில் ஒரு சீட்டு: போக வேண்டிய இடம், கேட்க வேண்டிய ஆள், கடைசித் தேதி, எடுத்துப்போக வேண்டிய சான்றுகள். ஆறு வாரத்தில் அலுவலகமே போன் செய்து, போன இடத்தில் என்ன சொன்னார்கள் என்று விசாரிக்க வேண்டும். காலாவதியான அறிவிப்பு, நிரம்பிய இடம், வாசலிலேயே திருப்பி அனுப்பியது எல்லாம் அந்தப் பதிலில்தான் தெரியவரும். அன்றே குறித்துவைத்தால் அடுத்து வருகிறவரை அதே இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்காது.