கொடைப் பாட்டு மிக்ஸிங்கில் சைட்செயின்

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைக்கென்று செய்யும் எலெக்ட்ரானிக் மிக்ஸ்களில் சிக்கல் முதலில் கீழ்ச்சுரங்களில்தான் வரும். கிக் (டிரம் செட்டின் கனத்த அடி), பேஸ், தவிலின் தொப்பி (இடப்பக்கத் தலை), உறுமியின் இழுப்பு எல்லாம் 50 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் முட்டிக்கொள்ளும். சம அளவுள்ள இரண்டு அலைகள் ஒரே ஏற்றத்தில் சேர்ந்தால் உச்சம் 6 டெசிபல் கூடிவிடும். திடலில் சவுண்ட் செட்டின் லிமிட்டர் அதைப் பிடித்து அமுக்கும்போது நாகசுரமும் சேர்ந்து அமுங்கும். கிக் விழும் கணங்களில் மட்டும் பேஸ் இறங்கி வழிவிடும்படி ஸ்டுடியோவிலேயே அமைத்துவிடுவது நல்லது. அதற்கான வழிதான் சைட்செயின்: ஒரு டிராக்கின் ஒலியைக் கொண்டு இன்னொரு டிராக்கின் கம்ப்ரஸரை இயக்குவது.

பேஸ் டிராக்கில் கம்ப்ரஸர் (ஒலி ஓர் அளவைத் தாண்டினால் அமுக்கும் கருவி), அதன் சைட்செயின் இன்புட்டுக்குக் கிக். ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 4:1, அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 3 மில்லி செகண்ட். கெயின் ரிடக்‌ஷன் மீட்டர் (எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டுவது) 4 டெசிபல் தொடும்வரை த்ரெஷோல்டை (அமுக்கத் தொடங்கும் அளவை) இறக்கினால் போதும். அட்டாக்கைப் பூஜ்யமாக்கினால் சைன் பேஸில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் எளிது; வேலை இருப்பது ரிலீஸில், அதாவது அமுங்கிய பேஸ் பழைய அளவுக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தில்.

ஹவுஸ் என்னும் நடன இசைக்கான ப்ரீசெட்டுகள் (தயார் அமைப்புகள்) நேர் நாலு அடிக்கு அமைந்தவை. 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) கிக் 500 மில்லி செகண்டுக்கு ஒருமுறை விழும். 300 மில்லி செகண்ட் ரிலீஸ் அங்கே பொருந்தும். நையாண்டி மேளம் திஸ்ரத்தில் ஓடும்போது அதே பீட் மூன்றாகப் பிரிந்து, துண்டுக்கு 167 ஆகிறது. முதல் துண்டிலும் மூன்றாவதிலும் அடி விழுந்தால், மூன்றாவதிலிருந்து அடுத்த பீட்டுக்கு அந்த 167தான் இடைவெளி. 300 வைத்தால் பேஸ் எழும் முன்னே அடுத்த அடி விழும். பாட்டு முழுக்க அமுங்கியே கிடக்கும். 100 முதல் 120 வரை வைத்துப் பாருங்கள். ரிலீஸ் எண்ணின் பொருள் கம்ப்ரஸருக்குக் கம்ப்ரஸர் மாறும். அடுத்த அடிக்கு முன் மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்பதே கணக்கு. 15 வரை இறக்கிவிடவும் கூடாது. 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்ட். கம்ப்ரஸர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கி, பேஸ் கரகரக்கும்.

கிக்குக்குப் பதில் பதிவு செய்த தவிலையே கம்ப்ரஸரை இயக்கும் ட்ரிகராகக் கொடுத்தால் வலந்தலையின் (வலப்பக்கத் தலையின்) ஒவ்வொரு சொல்லுக்கும் பேஸ் நடுங்கும். சைட்செயினில் 120 ஹெர்ட்ஸில் லோ பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) போட்டு வலந்தலையைத் தள்ளிவிடலாம். ஆனால் தொப்பி மைக்கில் கசிந்த உறுமி உள்ளேயே இருந்து கம்ப்ரஸரை விடாமல் பிடித்துக்கொள்ளும். கோஸ்ட் டிராக்தான் தீர்வு: 20 மில்லி செகண்ட் நீளமுள்ள கிளிக்கைத் தொப்பி அடி விழும் இடங்களில் மட்டும் கையால் வைத்து, மாஸ்டருக்கு (இறுதி மிக்ஸுக்கு) போகாமல் சைட்செயினுக்கு மட்டும் அனுப்புங்கள். வாசிப்பவர் சற்று முந்தியோ பிந்தியோ அடித்த இடங்களை கிரிடுக்கு (மென்பொருளின் தாளக் கட்டத்துக்கு) இழுக்க வேண்டாம். கிளிக்கும் அவர் கையோடே போகட்டும்.

உறுமியை முழுசாக அமுக்கவே கூடாது. சாமி ஆடுவது அதற்குத்தான். டைனமிக் ஈக்யூவில் (ஒலி கூடும்போது மட்டும் குறிப்பிட்ட அலைவரிசையை இறக்கும் கருவியில்) 80 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை மட்டும் 3 டெசிபல் இறங்கட்டும். தேய்ப்பின் வளைவு அதற்கு மேலே தெளிவாகக் கேட்கும். வில்லுப்பாட்டு வரி வரும் இடத்தில் கோஸ்டை நிறுத்திவிடுங்கள். குடமும் உடுக்கையும் தனியே போகும்போது பேஸ் விழுந்து எழுந்தால் தாளமே வேறாகக் கேட்கும்.